குற்ற உணர்ச்சியா, பாசமா: பொரோமிரும் அந்த இரண்டு சின்னவர்களும்

தங்கச்சி, கல்முனையிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான். 2001இல் வெளிவந்த 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதல் படத்தின் முடிவில், மெரி, பிப்பின் என்ற இரண்டு ஹொபிட்களை, உருவத்தில் சிறிய இனத்தவர்களை, காக்கப் போய் அம்பு தைத்துச் சாகிறான் பொரோமிர். சற்று முன்னர்தான் அதே பொரோமிர், தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்கக் கொண்டுபோகும் ஹொபிட்டான ஃப்ரோடோவிடமிருந்து அதைப் பறிக்கப் பார்த்தான். அப்படியானால் அவன் உயிரைக் கொடுத்தது செய்த பிழைக்குக் கழுவாயாகவா, அந்தச் சின்னவர்கள் மேல் வைத்த பாசத்தாலா? கழுவாய்தான் என்று உங்கள் தம்பி அடித்துச் சொல்கிறார், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் கதைகளில் இப்படி ஏதும் உண்டா, இதைப் பாடசாலை மேடையில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அடியில் இன்னொரு கேள்வி கிடப்பதாக எனக்குப் படுகிறது: சற்று முன் தவறிய ஒருவனின் அன்பை நம்பலாமா என்பது. நம்பலாம் என்பதே என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன். இளவயதில் ஊர்க் கூத்துக் களரியில் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானிடம், வடமோடிக் கூத்துப் பழகியவன். சினிமாத் தொழில்நுட்பம் என் துறை இல்லை. ஒரு உடம்பு இன்னொரு உடம்புக்குப் பக்கத்தில் எப்படி நிற்கிறது, பார்த்திருப்பவர்களுக்கு அதிலிருந்து என்ன போய்ச் சேர்கிறது என்பதுதான் நான் வருடக்கணக்காகப் பார்த்துவரும் விடயம். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் நிச்சயமானவை. இவை திரையிலேயே இருக்கின்றன, படத்தைத் திரும்பப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். மோதிரத்தில் கை வைக்க முன்பே பொரோமிருக்கும் அந்த இருவருக்கும் நடுவில் உறவு வளர்ந்துவிட்டது. பயணத்தின் தொடக்கத்தில் பாறைகளுக்கு நடுவே நின்று இருவருக்கும் வாள் பழக்குகிறான். எண்ணிக்கை சொல்லிச் சொல்லி வீசுகிறான், சரியாகத் தடுத்தால் பாராட்டுகிறான். ஒரு வீச்சு தவறிப் பிப்பினின் கையில் பட்டுவிட, உடனே மன்னிப்புக் கேட்கிறான். அவர்கள் விடுவதாயில்லை, இரண்டு பேருமாகப் பாய்ந்து அவனை நிலத்தில் உருட்டுகிறார்கள். கொண்டோர் நாட்டை ஆளும் காவலரின் மூத்த மகன், பெரிய படைத்தலைவன், மல்லாந்து கிடந்து சிரிக்கிறான். விலக்கிவிட வந்த இன்னொரு தோழனான, அரச வாரிசு ஆரகோர்னையும் காலைப் பிடித்து இழுத்து விழுத்துகிறார்கள். சில விநாடிகள்தான், பகிடிக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

அடுத்து பனிமலை. மார்பளவு பனியில் இந்தச் சின்னவர்கள் செத்துப்போவார்கள், திரும்புவோம் என்று குரல் கொடுக்கிறவன் பொரோமிர். பிறகு மோரியாச் சுரங்கம். உடைந்துபோன படிக்கட்டில் மெரியையும் பிப்பினையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இடைவெளியைத் தாண்டுகிறான். வழிகாட்டி வந்த மந்திரவாதி கண்டால்ஃப் பாதாளத்தில் விழுந்த பிறகு வெளியே வந்து எல்லோரும் அழுதுகொண்டிருக்கையில், எழுப்புங்கள், போகவேண்டும் என்கிறான் ஆரகோர்ன். அவன் சொல்வதுதான் சரி, இருட்டினால் எதிரிப் படையின் கொடிய ஓர்க்குகள் சூழ்ந்துவிடும். ஆனாலும் அவர்களுக்கு அழக் கொஞ்சம் நேரம் கொடு என்று பொரோமிர் கெஞ்சுகிறான். காவல் என்பதில் எதிரியைத் தடுப்பது மட்டும் அடங்காது, துக்கப்பட நேரம் வாங்கிக் கொடுப்பதும் அதில் அடங்கும் என்பதை அந்தக் கூட்டத்தில் உணர்ந்தவன் அவன் ஒருவன்தான். இறுதிச் சண்டையைவிட இந்த இடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வடமோடியில் ஒரு வீரன் களரிக்குள் வந்தவுடனே சண்டைக்குப் போவதில்லை. தனக்குரிய தாளக்கட்டில் வரவு என்னும் நுழைவாட்டம் ஆடுகிறான், தன்னை யாரென்று பாடுகிறான், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அது நீளும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இதைச் சுருக்கினால் என்ன என்று கேட்பார்கள். விடியப்புறம் அவன் விழும்போது சனம் கண் கலங்குகிறதென்றால் அது வரவில் சேர்த்துவைத்த உறவினால்தான். இந்தப் படம் பொரோமிருக்கும் சின்னவர்களுக்கும் அப்படி ஒரு வரவைத் துண்டு துண்டாக, நாம் கவனியாத இடங்களில் ஆடிக் காட்டிவிடுகிறது.

இனி அந்த முடிவுக் காட்சிக்கு வருவோம். ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே முதலில் காவல் செய்தவர்கள் மெரியும் பிப்பினும். ஃப்ரோடோ மறைந்து நிற்பதைக் கண்டு, அவன் தனியே போகப்போகிறான் என்று விளங்கியதும், இரண்டு பேரும் வெளியே ஓடிவந்து கத்தி, ஓர்க்குக் கூட்டத்தைத் தங்கள் பக்கம் திருப்புகிறார்கள். ஆக, பொரோமிர் வந்து சேர்வது வெறுமனே ஆபத்தில் மாட்டிக்கொண்ட இருவரிடம் இல்லை. ஏற்கெனவே ஒருவனுக்காகத் தங்களைப் பணயம் வைத்துவிட்ட இருவரிடம். முதல் அம்பு படுகிறது, சண்டை போடுகிறான். இரண்டாவது அம்பில் முழங்காலில் விழுகிறான், எதிரே திகைத்து நிற்கும் சின்னவர்களைப் பார்த்துவிட்டு எழும்புகிறான். மூன்றாவதில் திரும்பவும் முழங்கால்.

அரங்கக்காரன் கண்ணுக்கு இங்கேதான் எல்லாம் இருக்கிறது. முழங்காலில் நிற்கும் பொரோமிரின் கண்கள் அந்தச் சின்னவர்களின் கண்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. வாள் பழக்கிய அன்று விளையாட்டாக அவனை அந்த உயரத்துக்கு இறக்கினார்கள், இன்று அம்புகள் இறக்குகின்றன. அவன் இனி முடியாது என்று தெரிந்ததும் அந்த இரண்டு பேரும், அவன் பழக்கிய அதே வாளை உருவிக்கொண்டு ஓர்க்குகள் மேல் ஓடுகிறார்கள். ஓடி ஒன்றும் ஆகவில்லை, தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பழகிய வித்தை ஒருகணம் பழக்கியவனைக் காக்கத் திரும்புகிறது. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இந்த இரு காட்சிகளையும் வேண்டுமென்றே இணைத்தாரா என்பது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மேடையில் இப்படி அமைந்தால் பார்ப்பவர் மனதில் அது தானாகவே இணையும், அவ்வளவுதான்.

இந்த உயர வித்தியாசத்தை எப்படிச் செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹொபிட்களாக நடித்தவர்கள் யாரும் குள்ளர்கள் இல்லை. குள்ளர் இனத்துக் கிம்லியாக நடித்த ஜோன் ரைஸ்-டேவிஸ் நல்ல உயரமான மனிதர். ஒருவரைக் கமராவுக்குக் கிட்டவும் மற்றவரைத் தூரவும் நிறுத்தி, பக்கத்தில் நிற்பதுபோலக் காட்டினார்கள். ஒரே வீட்டை இரண்டு அளவில் கட்டினார்கள். தூரக் காட்சிகளில் கிரண் ஷா போன்ற உருவம் சிறிய மாற்று நடிகர்கள் வந்தார்கள். கிட்டக் காட்சிகளில் மிஞ்சுவது பார்வை மட்டுமே: ஒருவர் கீழே பார்க்கவேண்டும், மற்றவர் மேலே பார்க்கவேண்டும். எங்கள் களரியில் இந்த வசதி ஒன்றும் இல்லாமலே வீமனைப் பெரியவனாகவும் பக்கத்தில் நிற்பவனைச் சிறியவனாகவும் காட்டிவிடுகிறோம், ஆட்டத்தாலும் குரலாலும்.

சரி, கழுவாயா பாசமா? இதற்குப் புத்தகத்தையும் படத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. டொல்கின் எழுதிய கதை 1954, 1955இல் மூன்று பாகங்களாக வந்தது. அதில் பொரோமிரின் சாவு முதற் பாகத்தில் இல்லை, இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வருகிறது. அந்தச் சண்டை நம் கண்முன் நடப்பதும் இல்லை. ஆரகோர்ன் வந்து சேரும்போது அவன் மரத்தில் சாய்ந்து கிடக்கிறான், உடம்பெல்லாம் அம்பு, ஊதுகொம்பு பிளந்துபோய் இருக்கிறது. அதற்கு முன், மோதிரத்தைப் பறிக்கப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த அவனிடம், நீ போய் அந்த இரண்டு இளசுகளையாவது காப்பாற்று என்று ஆரகோர்ன்தான் அனுப்புகிறான். சாகும்போது புத்தகத்துப் பொரோமிர் முதலில் சொல்வது மோதிரத்தைப் பறிக்க முயன்றேன் என்பதை. மன்னிப்புக் கேட்கிறான், அதற்கான விலையைக் கொடுத்துவிட்டேன் என்கிறான். அதன் பிறகுதான் சின்னவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி வருகிறது. ஆகவே உங்கள் தம்பி புத்தகத்தை வைத்துப் பேசினால் அவர் பக்கம் நல்ல வலு இருக்கிறது.

படம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே யாரும் அவனை அனுப்புவதில்லை, தானாக வருகிறான். ஆரகோர்ன் குனிந்ததும் அவன் வாயில் முதலில் வருவது, சின்னவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது. அடுத்தது, ஃப்ரோடோ எங்கே? மோதிரத்தைப் பற்றிய ஒப்புதல் மூன்றாவதாகத்தான் வருகிறது. மரணப்படுக்கையில் ஒருவர் எதை முதலில் கேட்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் பெறுமதி விளங்கும்.

இதுவரை சொன்னது திரையிலும் ஏட்டிலும் உள்ளது. இனி வருவது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம். குற்ற உணர்ச்சி அவனிடம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஃப்ரோடோ மறைந்ததும் நிலத்தில் விழுந்து, என்ன செய்துவிட்டேன் என்று அழுகிறான். ஆனால் அந்தக் கடன் ஃப்ரோடோவுக்குரியது. மெரிக்கும் பிப்பினுக்கும் அவன் ஒரு தீங்கும் செய்யவில்லை, அவர்களிடம் அடைக்கவேண்டிய பாக்கி எதுவும் அவனுக்கு இல்லை. கழுவாய் மட்டுந்தான் நோக்கம் என்றால் ஃப்ரோடோவைத் தேடி ஓடியிருக்கவேண்டும். இந்தப் பக்கம் ஓடி வந்ததற்குக் காரணம், கத்துகிற குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குற்ற உணர்ச்சி கால்களுக்கு வேகம் கொடுத்திருக்கும். திசையைக் கொடுத்தது பழைய பாசம். இரண்டையும் பிரித்து ஒன்றைத் தள்ளிவிடத் தேவையில்லை, பாசம் முன்பே இருந்தது என்பது மட்டும் மறக்கப்படக்கூடாது.

எங்கள் கதைகளோடு ஒப்பிடுவது சரியா என்று தயங்கியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். உங்கள் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இலேயே 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்து எங்கள் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தார். எனக்கு உடனே வருவது சடாயு. பலமான எதிரியைத் தனியே மறிக்கிறான், விழுகிறான், அரசன் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைத்து, கொண்டுபோய்விட்டான் என்று சொல்லிவிட்டுச் சாகிறான். இராமன் தகப்பனுக்குச் செய்வதுபோலக் கடன் செய்கிறான். இங்கேயும் ஆரகோர்னும் தோழர்களும் பொரோமிரைப் படகில் கிடத்தி நீர்வீழ்ச்சிக்கு அனுப்புகிறார்கள். அவனுடைய கைக்கவசங்களை ஆரகோர்ன் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொள்கிறான். கட்டமைப்பு ஒன்றுதான். ஆனால் சடாயுவிடம் களங்கம் இல்லை. அந்த வித்தியாசத்தை மழுப்பிவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

அபிமன்யுவின் கதை இதற்கு மறுபக்கம். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள், சக்கரவியூகத்துக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்கிற இளைஞனை, பின்னாலேயே வருகிறோம் என்று சொல்லித்தான் பெரியவர்கள் அனுப்புகிறார்கள். சயத்திரதன் வழியை மறித்துவிட, வீமனாலும் நுழைய முடியவில்லை. காவலுக்கு வாக்குக் கொடுத்த பெரியவன் வெளியே நிற்க, சின்னவன் உள்ளே சாகிறான். பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதக் கதையோடு வளர்ந்த உங்களுக்கு இதை விரிக்கத் தேவையில்லை. தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் காரணங்களில் இழவு, அதாவது இழப்பு, ஒன்று, பெருமிதத்துக்குச் சொல்பவற்றில் அஞ்சாமையாகிய தறுகணும் கொடையும் உண்டு. அபிமன்யுவிடம் இழவும் தறுகணும் சேர்ந்து வருகின்றன. பொரோமிரிடம் கொடையும் சேர்ந்துகொள்கிறது. உங்களுக்கு மற்றப் போர்ப் படங்களைவிட இதில் அதிகம் அழுகை வந்ததற்கு இதுதான் காரணமென்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். இந்தப் படங்களில் காவல் ஒருவழிப் பாதை இல்லை. பொரோமிருக்குப் பட்ட கடனைத் தீர்க்கத்தான் பிப்பின் அவனுடைய தகப்பன் டெனதோரின் முன் முழங்காலிட்டுத் தன் சேவையை ஒப்படைக்கிறான். பிறகு கோட்டைச் சண்டையில், கண்டால்ஃபின் மேல் பாயவந்த ஓர்க்கைக் குத்துகிறவன் அவன். மெரியை எவரும் போருக்கு அழைக்கவில்லை. ஆண்வேடத்தில் போகும் அரச குலப் பெண் எயோவின் அவனைத் தன் குதிரையில் தூக்கி ஏற்றிக்கொள்கிறாள். அவளையும் யாரும் அழைக்கவில்லை என்பதுதான் அவர்கள் இருவருக்கும் உள்ள ஒற்றுமை. களத்தில் எதிரிப் படைத்தலைவனான சூனிய அரசன் அவளைக் கொல்லப்போகும் நேரம் பின்னாலிருந்து அவன் காலில் குத்துகிறான் மெரி, அந்த ஒரு குத்தில்தான் அவளுக்கு அவனைக் கொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. கடைசிப் போரில் ஆரகோர்ன் தனியே ஓடத் தொடங்கும்போது அவன் பின்னால் முதலில் ஓடுகிறவர்கள் இந்த இரண்டு பேருந்தான், பெரிய படைவீரர்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். சின்னவர்களைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் காவலை இந்தக் கதை மதிக்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பிள்ளைகளைப் போருக்குக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. பெரிய வீரன் ஒருவன் சின்னவர்களுக்கு ஆயுதம் பழக்கும் காட்சி வேறு நாட்டில் இனிமையாக மட்டுமே தெரியலாம். இங்கே எல்லோருக்கும் அப்படித் தெரியாது. ஹொபிட்கள் சிறுவர்கள் இல்லை, உருவத்தில் சிறிய வளர்ந்த ஆட்கள். என்றாலும் புத்தகக் கணக்கில் ஹொபிட் ஒருவர் 33 வயதில்தான் பராயமடைகிறார், பிப்பின் அதற்கும் கீழே. இவனை அனுப்ப மனம் ஒப்பவில்லை என்று, பயணக் குழுவைத் தெரிவுசெய்யும் எல்ரொண்ட் தடுக்கிறார், நட்பை நம்பி விடுவோம் என்று கண்டால்ஃப் கேட்ட பிறகுதான் இணங்குகிறார். படம் இந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு, ஒளிந்திருந்தவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்வதாகச் சிரிப்போடு முடித்துவிட்டது. எனக்கு அது இழப்பு. அவர்கள் தாங்களாக வந்தார்கள், போக விரும்பினால் போயிருக்கலாம் என்பதால்தான் பொரோமிரின் காவல் அன்பாகிறது. வர விருப்பமில்லாதவனை இழுத்துவந்து வாளைக் கையில் கொடுத்திருந்தால் எத்தனை அம்பை நெஞ்சில் வாங்கினாலும் அதை நான் காவல் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே மேடையில் போடலாமா என்றால், போடுங்கள், கவனமாகப் போடுங்கள். சின்னவர்களைப் பிடித்துக்கொண்டு போவதைச் செயலாகக் காட்டவேண்டாம். கீழே இருக்கிற எந்தத் தாய்க்கு எந்த நினைவு வரும் என்று உங்களுக்குத் தெரியாது. மத்தளத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரேயடியாக நிறுத்துங்கள், நிறுத்தும்போது அந்த இருவரும் களரியில் இருக்கக்கூடாது, அது போதும். ஹொபிட்களுக்காகக் கட்டைப் பிள்ளைகளைத் தேடிப்பிடிக்கவும் வேண்டாம், உயரத்தைச் சொல்லிப் பிள்ளைகளைத் தெரிவது அவர்களை நோகடிக்கும். பொரோமிராக வருகிறவர் அகலமாகக் கால் வைத்து நிற்கட்டும், மற்ற இருவரும் சிறிய, வேகமான அடிகளில் ஆடட்டும். பார்வையை மட்டும் ஒத்திகையில் பிடிவாதமாகத் திருத்துங்கள். கொண்டோரின் கொம்பு முழக்கத்தைப் பிற்பாட்டுக்காரரின் குரலுக்கு விடலாம், மூன்றாவது முறை அவர்களில் பாதிப்பேர் மட்டும் எடுத்தால் அவன் பலம் குறைவது தெரிந்துவிடும்.

சாகும்போது பேசும் ஒழுங்கைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்: முதலில் சின்னவர்கள், பிறகு ஃப்ரோடோ, பிறகுதான் தன் பிழை. ஆரகோர்னாக வருகிற பிள்ளை அந்த மூன்றும் முடியும்வரை அழக்கூடாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேரம் போதாமல் எதையாவது வெட்டவேண்டி வந்தால் சண்டையில் வெட்டுங்கள், வாள் பழக்கி உருண்டு புரளும் காட்சியில் கை வைக்காதீர்கள். ஒத்திகையையும் அந்தக் காட்சியில் தொடங்குங்கள். மூன்று பிள்ளைகளும் ஒருவரோடொருவர் நன்றாகச் சிரித்துப் பழகிய பிறகு சாவுக் காட்சியைக் கொடுத்தால் அதற்கு நீங்கள் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.